ஐசியு ஆய்வுகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புதிய சிகிச்சையால் ஐசியுவில் இருக்கும் சராசரி நாட்கள் குறைந்தன" என்று ஓர் ஆய்வு சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. குணமாகி வெளியேறியவரும் படுக்கையைக் காலி செய்கிறார், இறந்துபோனவரும் காலி செய்கிறார். மூன்றாம் நாளே நிறையப் பேர் இறந்தாலும் சராசரி குறையத்தான் செய்யும். அதனால்தான் பல ஆய்வுகள் 'வென்டிலேட்டர் இல்லாத நாட்கள்' என்று கணக்கிடுகின்றன: முதல் 28 நாட்களில் உயிரோடு, தானாக மூச்சுவிட்டு எத்தனை நாள் இருந்தார் என்று. இறந்தவருக்குப் பூஜ்யம். எந்த ஆய்வானாலும் இறப்பு விகிதத்தை முதலில் தேடுங்கள், நாட்கணக்கு அப்புறம்.

இதைவிடப் பெரிய தவறு, மானிட்டரில் நல்ல எண் வந்தாலே நோயாளி தேறிவிட்டார் என்று நினைப்பது. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நுரையீரல் கடுமையாகப் பாதித்து வென்டிலேட்டரில் இருந்த 861 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லி காற்று, இன்னொன்றுக்கு 6 மில்லி. ஆரம்ப நாட்களில் ஆக்ஸிஜன் நன்றாக இருந்தது 12 மில்லி பிரிவில்தான். ஆனால் அங்கே இறந்தவர்கள் 39.8%, மற்றதில் 31%. ஏற்கெனவே நொந்த நுரையீரலை அதிகக் காற்று இழுத்து விரித்து மேலும் புண்ணாக்கியது. அன்றைக்கு ஆக்ஸிஜன் அளவோடு ஆய்வை முடித்திருந்தால் தவறான பக்கம் ஜெயித்திருக்கும்.

அந்த 'கிலோ'விலும் ஒரு பொறி இருக்கிறது. அது தராசு காட்டும் எடையல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 52 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி என்றால் மூச்சுக்குச் சுமார் 315 மில்லி போதும். அவருடைய உண்மையான எடை 85 கிலோ என்று அதில் பெருக்கினால் 510 மில்லி வரும். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை.

ஒரே மருத்துவமனையின் முடிவை உலகத்துக்கே பொருத்துவது அடுத்தது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சை ஐசியு ஒன்றில் இன்சுலின் கொடுத்து இரத்தச் சர்க்கரையை 80–110-க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். ஐசியு இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆனது. பல நாடுகள் அப்படியே பின்பற்றின. 2009-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு கதையைத் திருப்பிப் போட்டது: 90 நாட்களில் இறுக்கமான கட்டுப்பாட்டில் 27.5% பேரும், 180 வரை விட்ட பிரிவில் 24.9% பேரும் இறந்தனர். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தது முதல் பிரிவில் 6.8%, மற்றதில் 0.5%. லூவன் ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே பெரும்பாலோர் இதய அறுவை முடித்தவர்கள், நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏராளமாகப் பெற்றவர்கள். அந்தச் சூழல் எல்லா ஐசியுவிலும் இல்லை.

'வித்தியாசம் இல்லை' என்ற முடிவை 'பயனில்லை' என்று படிப்பதும் வழக்கம். செப்சிஸுக்கு (கிருமித் தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை செய்து உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) முதல் ஆறு மணி நேரத்தில் வரையறுத்த படிகளில் சிகிச்சை தந்த 2001 டெட்ராய்ட் ஆய்வில், மருத்துவமனை இறப்பு 46.5-லிருந்து 30.5% ஆனது. 2014, 2015-இல் மூன்று பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. காரணம், அதற்குள் ஒப்பீட்டுப் பிரிவே மாறியிருந்தது. சீக்கிரம் கண்டுபிடிப்பது, உடனே ஆன்டிபயாடிக், போதிய திரவம் எல்லாம் அப்போது வழக்கமான சிகிச்சையாகவே ஆகிவிட்டிருந்தன.

கடைசியாக, யாருக்கு என்று பார்க்காமல் மருந்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொள்வது. 2020-இல் கோவிட் நோயாளிகளிடம் நடந்த ரெகவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4-லிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. செய்திகளில் முதல் வரி பரவிய வேகத்தில் இரண்டாவது வரி பரவவில்லை.