மாலே விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு

மாலத்தீவு கிளம்பும் முன், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் 'இமுகா' என்ற பயணி விவர இணையப் படிவத்தை நிரப்பி, அதில் கிடைக்கும் க்யூஆர் கோடை போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மது வேண்டாம், சுங்கத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

நேரம்தான் முக்கியம். அங்கிருந்து தீவு விடுதிகளுக்குக் கொண்டுபோகும், தண்ணீரில் இறங்கும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். முதல் தடவை நானும் அம்மாவும் சாயங்காலம் இறங்கி, அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் தங்க வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள்.

வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் மீன் நீந்துவது தெரியும். அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி, விடுதிக்கு விரைவுப் படகில் போவதென்றால் பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள். முன்பக்கம் அலையில் தூக்கிப் போடும், முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது.