எடை குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சு சில வருஷம் ஆச்சா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

எடை குறைக்கிற ஆபரேஷன் ஆன முதல் வருஷம் எல்லாரோட கண்ணும் நம்ம மேலதான் இருக்கும். டாக்டர் வரச்சொல்வாங்க, டயட்டீஷியன் போன் பண்ணுவாங்க, வீட்ல என்ன சாப்பிட்டே எவ்ளோ சாப்பிட்டேன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, நாமளும் மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்குவோம். மூணு நாலு வருஷம் போகட்டும், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எடை குறைஞ்சாச்சு, சுகர் மாத்திரை நின்னுபோச்சு, பழைய போட்டோவைக் காட்டினா புதுசா பழகினவங்க நம்பவே மாட்டேங்கறாங்க, அவ்ளோதான் முடிஞ்சுபோச்சுன்னு தோணிடும். ஆனா உள்ள வெட்டினது வெட்டினதுதான். வருஷங்கள் கழிச்சு வர்ற நிறைய பிரச்சனைக்குப் பின்னாடி இருக்கறது ஒரே விஷயம், ஆபரேஷன் ஆனதையே மறந்துடறது. நாமளும் மறந்துடறோம், புதுசா பாக்கற டாக்டருக்கு அது தெரியவே தெரியாது.

முதல்ல உள்ள என்ன மாறியிருக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா மத்த எல்லாமே இதுலேர்ந்துதான் வருது. ஸ்லீவ்ங்கற ஆபரேஷன்ல இரைப்பையில கிட்டத்தட்ட 75-80 சதவீதத்தை வெட்டி வெளிய எடுத்துடறாங்க, மிச்சம் ஒரு குழாய் மாதிரி இருக்கும். இரைப்பை பைபாஸ்ங்கற இன்னொரு வகையில சுமார் 30 மி.லி. பிடிக்கற சின்னப் பையை மட்டும் தனியா பிரிச்சு, அதோட சிறுகுடலை நேரா இணைச்சுடறாங்க. மீதி இரைப்பையும் சிறுகுடலோட முதல் பகுதியும் உள்ளயேதான் இருக்கும், ஆனா சாப்பாடு அந்த வழியா போகாது. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகமா உறிஞ்சப்படற இடமே அந்த முதல் பகுதிதான்.

சரி, தப்புகளுக்கு வருவோம். எல்லாத்தையும் விட பெருசு ரத்த டெஸ்டை நிறுத்தறது. நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு டெஸ்டுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. பி12 விஷயத்துல இந்த நினைப்பு ரொம்ப ஆபத்து. சாப்பாட்டுல இருக்கற பி12 பிரிஞ்சு வர்றதுக்கு இரைப்பை அமிலம் வேணும், அப்புறம் அது உடம்புல சேர்றதுக்கு இரைப்பை சுரக்கற ஒரு புரதம் வேணும். ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டுமே குறைஞ்சுடும். ஆனா கல்லீரல்ல பல வருஷத்துக்கான பி12 சேமிப்பு இருக்கறதால உடனே ஒண்ணும் தெரியாது, அந்த சேமிப்பு கரைஞ்சு தீர்ற நேரத்துலதான் கால் மரத்துப்போறது, பாதத்துல ஊசி குத்தற மாதிரி இருக்கறது, ஞாபக மறதி, நடக்கும்போது தடுமாற்றம்னு ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும். வயசாயிடுச்சுன்னு நாமளே ஒரு காரணம் சொல்லிக்குவோம். ரொம்ப நாள் விட்டுட்டா நரம்புல வந்த சேதம் முழுசா சரியாகாமலே போயிடலாம். இதுல இன்னொரு சிக்கல், ரத்தசோகைக்குன்னு ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா எடுத்தா ரத்த அளவு பாக்க சரியான மாதிரி வந்துடும், உள்ள நரம்பு பாட்டுக்கு கெட்டுக்கிட்டே இருக்கும். அதனால ஹீமோகுளோபின் நல்லா இருக்குன்னு மட்டும் வச்சு பி12 ஓகேன்னு முடிவு பண்ணாதீங்க. பொதுவா தினம் 350லேர்ந்து 1000 மைக்ரோகிராம் மாத்திரை இல்லேன்னா மாசம் 1000 மைக்ரோகிராம் ஊசின்னு சொல்வாங்க, உங்களுக்கு எது சரின்னு உங்க டாக்டர் சொல்லட்டும். டெஸ்டு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, ஆயுசுக்கும்.

மாத்திரை போடறவங்களும் போடற விதத்துல கோட்டை விடறாங்க. காலையில ஒரே வாயில இரும்பு, கால்சியம், மல்டிவிட்டமின் எல்லாத்தையும் முழுங்கிட்டு வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிடறது. கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். டீ காபியோட இரும்பு மாத்திரை போட்டாலும் பாதி வீண். கால்சியத்தை ஒரே தடவையில மொத்தமா எடுத்தாலும் உடம்பு எடுத்துக்காது, 500-600 மி.கி.யா பிரிச்சு ரெண்டு மூணு வேளை எடுக்கணும், ஒரு நாளைக்கு மொத்தம் 1200-1500 மி.கி. ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் வழக்கமா சொல்ற அளவு. கால்சியம் கார்பனேட் கரையறதுக்கு அமிலம் வேணும், நமக்கு அதுதான் குறைவு, அதனால சிட்ரேட் நல்லது. தைராய்டு மாத்திரை போடறவங்க இரும்பு கால்சியம் ரெண்டுலேர்ந்தும் நாலு மணி நேரம் தள்ளி வைங்க. மிட்டாய் மாதிரி மெல்லற விட்டமின் பல பிராண்டுல இரும்பே இருக்காது, லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.

ரத்தத்துல கால்சியம் நார்மல்னு ரிப்போர்ட் வந்தா நிம்மதியாகிடாதீங்க. சாப்பாட்டுலேர்ந்து கால்சியம் வரலேன்னா உடம்பு எலும்பை அடகு வச்சு ரத்தத்துல கணக்கை சரிக்கட்டிடும், பேப்பர்ல எல்லாம் நல்லாவே தெரியும். அதனால கால்சியத்தோட சேர்த்து விட்டமின் டி, எலும்புலேர்ந்து கால்சியத்தை எடுக்க வைக்கற பாராதைராய்டு ஹார்மோன் ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க. மாதவிடாய் நின்ன பெண்கள், ஏற்கனவே எலும்பு பலவீனமா இருக்கறவங்க எலும்பு அடர்த்தி ஸ்கேன் பத்தியும் கேளுங்க.

முடி கொட்டறது பத்தி நிறைய கேள்வி வரும், இதை வேகமா முடிச்சுடறேன். மூணாவது மாசத்துலேர்ந்து கொட்டறது பெரும்பாலும் எடை சட்டுனு குறைஞ்ச அதிர்ச்சியால வர்றது, அதுவா நின்னுடும். ஒரு வருஷம் கழிச்சும் கொட்டினா, இல்ல புதுசா ஆரம்பிச்சா இரும்பு, புரதம், துத்தநாகம் பாக்கணும். அதை விட்டுட்டு முடிக்குன்னு விக்கற பயோட்டின் விட்டமினை அள்ளிப் போடாதீங்க, அதிக டோஸ்ல அது தைராய்டு டெஸ்டையும் மாரடைப்புக்கு எடுக்கற ட்ரோபோனின் டெஸ்டையும் தப்பா காட்ட வைக்கும். துத்தநாகத்தை நாமளா அதிகமா எடுத்தா உடம்புல தாமிரம் குறையும், தாமிரம் குறைஞ்சா மறுபடியும் ரத்தசோகை, கால் மரத்துப்போறதுன்னு பி12 குறைஞ்ச மாதிரியே இருக்கும். முடிக்காக நரம்பை விக்கறதான்னு எனக்கு கோவமே வரும் இதைப் பாக்கும்போது.

இப்போ சொல்லப்போறது அவசரமான விஷயம். எந்தக் காரணத்தால இருந்தாலும் சரி, பல நாளா விடாம வாந்தி இருந்தா "ஏதோ ஒத்துக்கல" ன்னு வீட்லயே கிடக்காதீங்க. பி1, அதாவது தயாமின், உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் சேமிப்பு இருக்கும். அது தீர்ந்தா பார்வை ரெண்டு ரெண்டா தெரியறது, நடை தள்ளாடறது, குழப்பமா பேசறதுன்னு மூளையையே பாதிக்கும், சில சமயம் நிரந்தரமா. ஆஸ்பத்திரிக்குப் போனா குளுக்கோஸ் டிரிப் ஏத்தறதுக்கு முன்னாடியே தயாமின் குடுக்கணும், தயாமின் இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏறினா நிலைமை இன்னும் மோசமாகலாம். ஆபரேஷன் ஆனவர்னு அங்க யாருக்கும் தெரியலேன்னா இது ஞாபகம் வராம போக வாய்ப்பு இருக்கு, நீங்களோ கூட இருக்கறவங்களோ வாய்விட்டு சொல்லணும்.

வலி மாத்திரை. தலைவலி முட்டிவலின்னா கடையில ஐப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறது பழக்கமாயிடுச்சு. பைபாஸ் பண்ணினவங்களுக்கு பையும் குடலும் சேர்ற இடத்துல புண்ணு வர்றதுக்கு இந்த வகை மாத்திரை முக்கியமான காரணம், சிகரெட்டும் அப்படித்தான், ரெண்டும் சேர்ந்தா கேக்கவே வேணாம். அந்தப் புண்ணுல ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். பல் டாக்டர், எலும்பு டாக்டர் எழுதிக் குடுத்தாலும் ஒரு தடவை சொல்லிட்டு வாங்குங்க, சாதாரண வலிக்கு பாராசிட்டமால்தான் பொதுவா பாதுகாப்பு. இதயத்துக்காக ஆஸ்பிரின் போடறவங்க பயந்து தானா நிறுத்திடாதீங்க, அது டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ண வேண்டியது.

சாப்பிட்டதுக்கு அப்புறம் வர்ற பிரச்சனை ரெண்டு வகை, ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கறதும் ஒரு தப்பு. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ள படபடப்பு, வியர்வை, வயித்துப் பிடுங்கல், பேதி வந்தா இனிப்போ கொழுப்போ வேகமா குடல்ல இறங்கினதோட விளைவு. ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரம் கழிச்சு கை நடுக்கம், தலை சுத்தல், பேச்சுக் குழறல்னு வந்தா அது வேற, சர்க்கரை வேகமா ஏறினதால இன்சுலின் அளவுக்கு மீறி சுரந்து ரத்த சர்க்கரை தடாலடியா இறங்கறது. இது பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் தலைகாட்டும், அதனால யாரும் ஆபரேஷனோட முடிச்சுப்போட மாட்டாங்க, மனப்பதட்டம்னு சொல்லி அனுப்பிடறதும் நடக்குது. எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, மயக்கம் வந்ததும் ஜூஸோ சாக்லேட்டோ நிறைய சாப்பிட்டு அதோட விட்டுடறது, அந்த இனிப்பே மறுபடி இன்சுலினைக் கிளப்பிவிட்டு ரெண்டு மணி நேரத்துல இன்னொரு தடவை விழ வைக்கும். சுமார் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து நிலைமை சரியானதும் கொஞ்சம் புரதம் சாப்பிடணும், அப்பதான் அந்த சுழல் நிக்கும். தினசரி சாப்பாட்டுல புரதத்தை முதல்ல சாப்பிடறது, மாவுச்சத்தை குறைச்சு பிரிச்சு சாப்பிடறது, சாப்பாட்டோட தண்ணி குடிக்காம அரை மணி நேரம் தள்ளி குடிக்கறது, இதுலயே நிறைய பேருக்கு அடங்கிடும், அடங்கலேன்னா மருந்தும் இருக்கு. அடிக்கடி இப்படி சர்க்கரை இறங்கறவங்க மட்டும் இதுக்கு வழி பண்ணாம வண்டி ஓட்டாதீங்க.

குடிக்கறவங்களுக்கு: பழைய அளவு இப்போ செல்லாது. ஆபரேஷனுக்கு அப்புறம், முக்கியமா பைபாஸ்ல, ஆல்கஹால் ரத்தத்துல ரொம்ப வேகமா ஏறும், உச்சமும் அதிகம். ஒரு கிளாஸ்தான்னு நினைச்சு வண்டியை எடுக்கறது சுத்தமா ஆகாது. அமெரிக்காவுல பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தி 2012ல வெளியான ஒரு ஆய்வுல, ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததை விட ரெண்டாவது வருஷத்துல குடிப் பிரச்சனை அதிகமா இருந்துச்சுன்னு பாத்தாங்க, அதாவது எல்லாம் நல்லா போகுதுன்னு நினைக்கற நேரத்துல. மனசு சரியில்லாம போறதையும் இதோட சேர்த்தே பாக்கணும். உடம்பு மாறினா வாழ்க்கையே மாறிடும்னு நினைச்சிருப்போம், அது நடக்காதப்போ வர்ற வெறுமை லேசானது இல்ல, அதை வெளிய சொல்றதுக்குக் கூச்சப்படாதீங்க. மனநல மருந்து எடுக்கறவங்களுக்கு அது உறிஞ்சப்படற அளவும் மாறியிருக்கலாம், பழைய டோஸே போதும்னு விட்டுடக் கூடாது.

எடை திரும்ப ஏறினா டாக்டர்கிட்ட போகாம ஒளிஞ்சுக்கறது இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு. கொஞ்சம் ஏறறது நிறைய பேருக்கு நடக்கறதுதான். ஸ்வீடன்ல நடந்த நீண்டகால ஆய்வுல பைபாஸ் ஆனவங்க முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள சராசரியா 32 சதவீதம் எடை குறைஞ்சாங்க, பத்து வருஷத்துல அது 25 சதவீதமா நின்னுச்சு. அதாவது கொஞ்சம் திரும்பினது உங்க ஒழுக்கக்கேடு இல்ல, உடம்போட இயல்பு. ஆனா நிறைய ஏறினா காரணம் தேடணும், நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கொறிக்கறது, கலோரியை குடிச்சே உள்ள தள்றது, எடை ஏத்தற வேற மருந்து, தூக்கமின்மை, இல்லேன்னா உள்ளயே ஏதோ மாறியிருக்கறது. வெக்கத்துல க்ளினிக்குக்குப் போகாம இருந்தா எடையோட சேர்த்து ரத்த டெஸ்டும் நின்னுபோகுது, அதான் பெரிய நஷ்டம். சுகர் நின்னவங்களுக்கும் இதே, அது அடங்கியிருக்குன்னு அர்த்தம், ஒழிஞ்சுதுன்னு இல்ல, HbA1c-ன்னு ரிப்போர்ட்ல வர்ற மூணு மாச சராசரி டெஸ்டையும் கண் பரிசோதனையையும் விடாதீங்க.

ஸ்லீவ் பண்ணினவங்க நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்கா தானா மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்காதீங்க, உணவுக்குழாய் உள்பக்கம் மாற ஆரம்பிச்சிருக்கலாம். எரிச்சலே இல்லாதவங்களுக்கும் சில வருஷத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோபி தேவையான்னு கேட்டுக்கறது நல்லது.

குழந்தை பத்தி யோசிக்கற பெண்களுக்கு. எடை குறைஞ்சதும் மாதவிடாய் சீராகி கரு தரிக்கற வாய்ப்பு சட்டுனு கூடும், பல வருஷமா ஆகலையே இப்ப மட்டும் என்னன்னு அலட்சியமா இருக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் 12-18 மாசமாவது தள்ளிப்போடச் சொல்வாங்க. பைபாஸுக்கு அப்புறம் கருத்தடை மாத்திரை சரியா உறிஞ்சப்படாம போகலாம், வேற முறை கேளுங்க. கர்ப்பத்துல சுகர் பாக்க குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொன்னா, ஆபரேஷன் ஆனதை முதல்லயே சொல்லிடுங்க, அது ஒத்துக்காம மயக்கமே வரலாம், அதுக்குப் பதிலா ஒரு வாரம் வீட்லயே விரல்ல குத்தி பாக்கற வழி இருக்கு. விட்டமின் ஏ ரெட்டினால் வடிவத்துல அதிகமா போனா குழந்தைக்கு ஆகாது, பீட்டா கரோட்டினா மாத்திக் குடுப்பாங்க.

கடைசியா வயித்து வலி. பைபாஸ் ஆனவங்களுக்கு எத்தனை வருஷம் கழிச்சும் குடல் உள்ளயே ஒரு இடைவெளியில நுழைஞ்சு சிக்கிக்கலாம். விட்டு விட்டு வர்ற கடுமையான வலி, சாப்பிட்டா கூடும், சில சமயம் தானா விலகிடும், அதனால கேஸ்னு நினைச்சு விட்டுடுவோம். ஸ்கேன்லகூட தெரியாம போகலாம். முழுசா சிக்கிக்கிட்டா குடலுக்கு ரத்தம் போகாம அழுகிடும், சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் நார்மல்னு சொல்லியும் வலி போகலேன்னா வீட்டுக்குக் கிளம்பாதீங்க, எடை குறைப்பு ஆபரேஷன் தெரிஞ்ச சர்ஜன்கிட்ட பேசச் சொல்லி அழுத்திக் கேளுங்க, கர்ப்பமா இருந்தா இன்னும் அவசரம். வேகமா எடை குறைஞ்சவங்களுக்கு பித்தப்பைக் கல்லும் வரலாம், அதுவும் வலிக்கு ஒரு காரணம்தான், ஆனா முதல்ல ஆபத்தானதை இல்லேன்னு உறுதிப்படுத்தணும். இதுக்காகவே போன்ல அவசரத் தகவல் பகுதியில எழுதி வச்சுக்கோங்க: என்ன ஆபரேஷன், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, எந்த வலி மாத்திரை கூடாது, மூக்கு வழியா இரைப்பைக்கு டியூப் போடறதுன்னா பாக்காம தள்ளக்கூடாது, குளுக்கோஸுக்கு முன்னாடி தயாமின். வெறும் பைபாஸ்னு எழுதினா இதய ஆபரேஷன்னு எடுத்துக்குவாங்க, இரைப்பை பைபாஸ்னு முழுசா எழுதுங்க. போன் லாக்கா இருந்தாலும் அது திரையில தெரியற மாதிரி செட் பண்ணிடுங்க, வீட்ல ஒருத்தருக்காவது அதை எப்படித் திறக்கறதுன்னு காட்டி வைங்க.