மாரி தொடங்கிய பிறகு வகுப்பு வைக்காதீர்கள்: வீட்டுத்தோட்டக் கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பல வீட்டுத்தோட்டக் கழகங்கள் ஆண்டின் முதல் வகுப்பை ஒக்டோபரில் வைக்கின்றன. வானம் கறுத்ததும் எல்லோருக்கும் நடுகை ஞாபகம் வருகிறது, பலநோக்கு மண்டபமும் நிறைகிறது. ஆனால் அன்று சொல்லப்படும் வேலைகளில் பாதிக்கு நாள் கடந்திருக்கும். கூட்டெரு போட மூன்று மாதம் வேண்டும் என்று போதனாசிரியர் சொல்வார், கேட்பவரிடம் மூன்று வாரம்கூட இருக்காது. ஒரு பருவத்து வகுப்புகள் வீணாவதற்குப் பேச்சாளரை விட நாட்காட்டிதான் அடிக்கடி காரணமாகிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மிளகாய், கத்தரிக் கன்றுகள் ஒக்டோபர் நடுப்பகுதியில் நிலத்துக்குப் போக வேண்டும் என்று வைப்போம். அவை நாற்றுமேடையில் நான்கு, ஐந்து வாரம் நிற்கும். ஆகவே செப்டெம்பர் இரண்டாம் வாரத்துக்குள் விதை விழ வேண்டும். அந்த மேடையை வெயிலில் மூடிக் கிருமி நீக்க இன்னும் நான்கு வாரம் தேவை, அதை ஓகஸ்ட் முற்பகுதியில் தொடங்க வேண்டும். மேடைக்கும் குழிக்கும் போடும் கூட்டெரு செப்டெம்பர் விதைப்புக்குள் முற்றியிருக்க வேண்டுமானால் குவியலை ஜூனில் அடுக்க வேண்டும். எனவே கூட்டெரு வகுப்பு ஜூனில், நாற்றுமேடை வகுப்பு ஓகஸ்டில், விதைப்பு வகுப்பு செப்டெம்பரில் வரும். ஒக்டோபரில் பேச்சே தேவையில்லை, கன்று நடும் ஒரு காலைப்பொழுது போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் இதே கதைதான். பூச்சி வந்த பிறகு, டிசம்பரில், அதைச் செய்து காட்ட முற்படும்போது கையில் கிடைப்பது பூஞ்சணம் பிடித்த கொட்டை. பழம் உதிரும் ஆனி, ஆடியிலேயே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் வைக்கும்படி ஜூன் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். பிறகு தேவைப்படும்போது தோல் நீக்கிய பருப்பு அரைக் கிலோவை இடித்து, துணியில் கட்டி, 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடித்து, இலையில் ஒட்டுவதற்குச் சிறிதளவு சவர்க்காரம் கரைத்து, அன்று பின்னேரமே தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் குறையும். மீதியை அடுத்த வாரத்துக்கு வைப்பதில் பயனில்லை.

நாற்றுமேடை வகுப்பில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கெட்டால் பருவம் முழுவதும் கெடுகிறது. மேடை மூன்றடி அகலம், ஆறு முதல் எட்டு அங்குல உயரம் இருக்கட்டும், நீளம் இடத்தைப் பொறுத்தது. கட்டிகளை உடைத்து, மட்டப்படுத்தி, அரையடி ஆழத்துக்கு ஈரம் இறங்கும்வரை தண்ணீர் ஊற்றிய பிறகே பொலித்தீன் விரிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் சூடு கீழே இறங்காது. பொலித்தீன் நிறமற்றதாக, மெல்லியதாக இருக்க வேண்டும். கறுப்பு விரித்தால் அந்தத் தாள்தான் சுடும், மண்ணுக்குள் போகும் சூடு குறைவு. நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்து மூடாவிட்டால் கச்சான் காற்று ஒரே நாளில் தூக்கிவிடும். கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது: நான்கு வாரம் கழித்துத் தாளை எடுத்ததும் மேடையை ஆழமாகக் கொத்தக்கூடாது. கொத்தினால் சூடு படாத அடிமண்ணும் அதிலிருக்கும் களை விதையும் பூஞ்சணமும் மேலே வரும். மேல் ஓரங்குலத்தை மட்டும் கிளறி விதைக்க வேண்டும். ஓகஸ்டில் விட்டதை ஒக்டோபர் வெயிலில் பிடிக்க முடியாது. அப்படிப் பிந்தியவர்களுக்கு வைக்கோலும் உமியும் பரப்பி மேடையின் மேல் எரிக்கும் பழைய வழி இருக்கிறது.

இரண்டாவது பெரிய தவறு, வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரைக்கும் மேற்கே வயற்பக்கமான படுவான்கரைக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தைக் கொடுப்பது. கல்லடியிலும் காரைதீவிலும் மணல் வளவு, ஊற்றும் தண்ணீரும் போடும் பசளையும் நிமிடத்தில் கீழே போய்விடும். அங்கே கோடையில் உயர்ந்த பாத்தி கட்டச் சொன்னால் கன்று காய்ந்து சாகும். நிலமட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ பாத்தி அமைத்து, கூட்டெருவைக் கூடுதலாக இட்டு, தென்னோலையோ வைக்கோலோ பரப்பி மூடி, பசளையைச் சிறிது சிறிதாகப் பலமுறை போட வேண்டும். வாவிக்கு மேற்கே வயலோரக் காணிகளின் களிமண்ணில் நிலைமை நேர்மாறு. மாரியில் தண்ணீர் நின்றால் இரண்டு, மூன்று நாளிலேயே கத்தரியின் வேர் மூச்சடைத்து அழுகும், பாத்தி ஓரடி உயர வேண்டும், வாய்க்காலும் வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் வளவு மண்ணில் ஒரு சிரட்டை கொண்டுவரட்டும். முதல் பத்து நிமிடத்தில் அதை நனைத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்கச் செய்யுங்கள். உருட்ட வராமல் உதிர்ந்தால் மணல், நாடாவாக நீண்டால் களி. பிறகு இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு விதமாகச் சொல்லுங்கள். கடலோரக் கிணறுகள் ஓகஸ்ட், செப்டெம்பரில் கரிக்கத் தொடங்கும் இடங்களில் வெங்காயம், போஞ்சி, கரட் போன்ற உப்புத் தாங்காத பயிர்களை அந்த மாதங்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

செய்முறை வகுப்பு என்று அழைத்துவிட்டு நாற்பது பேரைச் சுற்றி நிற்க வைத்து ஒருவர் மண்வெட்டி பிடிப்பதில் யாரும் எதையும் கற்பதில்லை. பதினாறு பேருக்கு மேல் எடுக்காதீர்கள், நான்கு பேருக்கு ஒரு குவியல் என்று கொடுங்கள். ஒரு குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். அதைவிடச் சிறியது சூடாகாது. அதற்கு அமுக்காமல் நிறைத்த உரப்பை ஏறத்தாழ 12 தேவை: எட்டுப் பையில் காய்ந்த இலை, வைக்கோல், தும்பு, நான்கு பையில் பச்சை இலையும் கிளிரிசீடியாவும் மாட்டெருவும். பொருளை முதல்நாளே சேர்த்து வையுங்கள். வந்தவர்களை இலை பொறுக்க அனுப்பினால் ஒரு மணித்தியாலம் போய்விடும்.

வாவியில் ஆற்றுவாழை இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அதை அப்படியே குவியலில் கொட்டுவதையும் காண்கிறோம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். குவியல் சூடாகாமல் கொழகொழத்து நாறும். இரண்டு, மூன்று நாள் வெயிலில் வாடவிட்டு, நறுக்கி, காய்ந்த இலையோடு மாறிமாறி அடுக்க வேண்டும். எஞ்சியதைப் பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசவே கூடாது, ஒரு துண்டு போதும் அது அங்கேயும் பரவுவதற்கு.

ஈரத்தைக் கைப்பிடியில் காட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு துளிக்கு மேல் வடியக்கூடாது. ஐந்தாம் நாள் நடுவில் குத்திய இரும்புக் கம்பியை இழுத்துத் தொட்டால் சுட வேண்டும். சுடாவிட்டால் ஈரமோ பச்சையோ போதாது. மூக்கை எரிக்கும் மணம் வந்தால் கோழி எரு கூடிவிட்டது, காய்ந்த இலை சேர்த்துப் புரட்ட வேண்டும். நன்றாக முற்றிய கறுத்த எருவை மட்டும் மேசையில் வைத்துக் காட்டும் வழக்கத்தை விட்டு, பக்கத்தில் ஒரு கெட்டுப்போன குவியலையும் வையுங்கள் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். வீட்டில் போய் அவர்கள் சந்திக்கப் போவது பெரும்பாலும் அதைத்தான்.

விதைப் பைக்கற்றுகளைச் சோதிக்காமல் பங்கிடுவது அடுத்தது. கரையோர ஈரக்காற்றில் விதை விரைவில் கெடும். அதிலும் வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினால் நம்ப முடியாது. பங்கிடுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே ஒவ்வொரு பொதியிலும் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பயற்றை மூன்று முதல் ஐந்து நாளிலும், வெண்டி ஒரு வாரத்துக்குள்ளும் முளைவிடும். மிளகாய்க்குப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். 16 முளைத்தால் நல்லது. பத்துக்குக் குறைந்தால் அதைக் கொடுக்காமல் விடுவதே மேல், முளைக்காத விதையைப் பெற்றவர் அடுத்த முறை வரமாட்டார். விதை பரிமாறும் நாளில் கலப்பினப் பழத்திலிருந்து எடுத்த விதை கலந்துவிடாமல் பார்க்க வேண்டும், அதன் அடுத்த தலைமுறை தாயைப் போல் வராது. விதை எடுக்கப் புதிதாகக் கற்பவர்களுக்குத் தக்காளி, பயற்றை போன்ற தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களைக் கொடுங்கள். பூசணியில் தொடங்கினால் பக்கத்து வளவுப் பூசணியோடு கலந்துவிடும்.

துண்டுப்பிரசுரத்தில் ஹெக்டேயருக்கு 10 தொன் கூட்டெரு என்று அச்சடிப்பதால் வளவில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. அது சதுர மீற்றருக்கு ஒரு கிலோ, ஒரு பேர்ச் காணிக்குச் சுமார் 25 கிலோ. அப்படியே எழுதுங்கள். கிராம் கணக்கையும் வீட்டில் இருக்கும் கரண்டி, சிரட்டை அளவுக்கு மாற்றி, ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை நண்பகல் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சரிவராது. மட்டக்களப்பு நகரில் ஞாயிறு காலை பூசைக்குப் போவோர் பலர். வெள்ளாமை வெட்டும் பெப்ரவரி, மார்ச்சில் வயற்பக்கப் பெண்களுக்கு ஓய்வில்லை. நோன்பு மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னகர்வதால் சென்ற ஆண்டு அட்டவணையை அப்படியே பார்த்தெழுதக்கூடாது. கச்சான் அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரை வெளிவேலையைக் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

நவம்பர், டிசம்பர் அடைமழையில் வெளியே நடுகைச் செய்முறை வைத்தால் மழை கன்றையும் அடிக்கும், ஆளையும் விரட்டும். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் நோய், வடிகால் பற்றிப் பேசுங்கள். ரயரிலும் வெற்று ரின்னிலும் செடி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இப்போது ஒரு பொறுப்பும் உண்டு. அடியில் துளையிடாத பாத்திரமும் ரயரின் உள்மடிப்பும் டெங்கு நுளம்பின் தொட்டியாகும். ஒவ்வொன்றிலும் விரல்தடிப்புத் துளை நான்கு போட்டு, மடிப்பை மண்ணால் நிரப்பும்வரை அந்தச் செய்முறை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

ஒரு வகுப்போடு கைகழுவுவது எல்லாவற்றையும் விட நட்டம். நட்டு மூன்றாம் வாரம் ஒரு சந்திப்புக்கு முதல் வகுப்பிலேயே திகதி குறித்துவிடுங்கள். அதற்கு வருபவர் வட்ஸ்அப்பில் இலைப் படம் அனுப்புவதோடு நிற்காமல், வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் கிண்டிக்கொண்டு வரட்டும். நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து மெலிந்து சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல், தண்ணீரைக் குறைத்து நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். வளர்ந்த கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடினால், அடித்தண்டில் ஒரு சாண் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழை இறங்கினால் அது பக்ரீரியா வாடல். மருந்தடித்துப் பயனில்லை. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் அடுத்த பருவம் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் தவிர்த்து, சோளமோ பயற்றையோ வெண்டியோ போட வேண்டும்.