காய்கறிக் கூடை காலியாக இருக்கும் நாளில் சமைப்பது எப்படி

வீட்டில் காய்கறி தீர்ந்துபோய், கடைக்குப் போகவும் வழியில்லாத நாளில் நான்கு பேருக்கு மதிய உணவு சமைக்க வேண்டியிருந்தால், என்ன குழம்பு வைப்பது என்று யோசிப்பதற்கு முன் எது முதலில் கெட்டுப்போகும் என்று பார்க்க வேண்டும். புளித்த தயிர், உடைத்து வைத்த தேங்காய் மூடி, வாடத் தொடங்கிய கீரை ஆகியவை அன்றைக்கே செலவாக வேண்டியவை. அரிசி, பருப்பு, புளி, வற்றல், அப்பளம் ஆகியவை காத்திருக்கும்.

குழம்புக்குக் காய் கட்டாயமன்று. புளிப்பும், அதைத் தாங்கும் கெட்டித்தன்மையும், நல்ல தாளிப்பும் அமைந்துவிட்டால் குழம்பு அமைந்துவிடும். தயிர் புளித்திருந்தால் மோர்க்குழம்பு வைக்கலாம். ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவற்றோடு மைய அரைத்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கடைந்த தயிரில் கலந்து, மிதமான தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் நுரை கூடி வந்தவுடன் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். தேங்காய் இல்லாவிட்டால் ஒரு கரண்டி கடலைமாவைத் தயிரில் கரைத்துக்கொள்வது கெட்டித்தன்மையைத் தருவதோடு, திரியாமலும் காக்கும்.

தயிர் இல்லை, பருப்பு மட்டுமே இருக்கிறது என்றால் பருப்பு உருண்டைக் குழம்பே என் முதல் தேர்வு. சோற்றோடு பருப்பும் நிறைவாகச் சேர்வதால், அன்று பொரியல் இல்லாத குறை தெரியாது. 200 கிராம் துவரம்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முற்றிலும் வடித்துவிட்டு, காய்ந்த மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நறுக்கிய வெங்காயமும் கறிவேப்பிலையும் கலந்து சிறு உருண்டைகளாகப் பிடித்து, இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துக்கொண்டால், குழம்பில் போடும்போது உடைந்து கரையாது. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, குழம்புப் பொடி சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதித்த பின்னரே உருண்டைகளை இட வேண்டும். உருண்டைகள் புளிநீரை உறிஞ்சும் என்பதால் குழம்பு சற்று நீர்த்திருக்கும்போதே இடுவது நல்லது. பருப்பை ஊறவைக்கவும் நேரமில்லாதவர்கள் அதே குழம்பில் பொரித்த அப்பளத்தையோ சுண்டைக்காய் வற்றலையோ சேர்க்கலாம். இரண்டிலும் உப்பு ஏற்கெனவே இருப்பதால் குழம்புக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கத்தரிக்காய், அரை வாழைக்காய், நான்கு அவரைக்காய் என்று எதுவும் ஒரு பொரியலுக்குப் போதாமல் மிஞ்சியிருக்கும் நாளுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு மிகப் பொருத்தமானது. இரண்டு கப் அரிசிக்கு முக்கால் கப் துவரம்பருப்பு என்று கொண்டு, பருப்பை முதலில் வேகவைத்து, அது பாதிக்கு மேல் வெந்தபின் அரிசியையும் காய்களையும் சேர்க்க வேண்டும். புளிக்கரைசலை முன்னதாகவே ஊற்றிவிட்டால் பருப்பு சரியாக வேகாது. ஆகையால் அரிசி முக்கால் பதம் வெந்த பிறகே அதையும், தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுதையும் சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரை கிடைத்தால் அதைக் கடைசியில் தூவிக் கிளறலாம். காய்கறியே இல்லாவிட்டால் கோவைப் பகுதியின் அரிசி பருப்பு சாதம் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வதக்கி, அரிசியும் பருப்பும் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவைத்து, நெய்விட்டு அப்பளத்தோடு பரிமாறலாம்.

மிஞ்சிய சோற்றைப் பயன்படுத்துவதில் மட்டும் சிக்கனத்தைவிடக் கவனம் முக்கியம். இரவு முழுவதும் வெளியிலேயே இருந்த சோற்றில் கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே ஓரிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த சோற்றையே மறுநாள் எலுமிச்சைச் சாதத்துக்கோ புளிச்சாதத்துக்கோ எடுக்க வேண்டும். உருண்டைக்காக ஊறவைத்த பருப்பு அதிகமாகிவிட்டால் அதையும் அவ்வாறே வைத்து, மறுநாள் ஊறிய அரிசியோடும் மிளகாயோடும் அரைத்து அடையாக வார்த்துக்கொள்ளலாம்.