முதுமலைச் சாலையில் காரை நிறுத்தாதீர்கள்

குப்பை போடக்கூடாது, கூச்சல் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முதுமலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

யானையைக் கண்டதும் பிரேக்

மிக மோசமான தவறு இதுதான். இத்தனை எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் தெப்பக்காடு, மசினகுடி சாலையில் இது ஓயவில்லை என்பது ஆத்திரமாகவே இருக்கிறது.

முதுமலை, பந்திப்பூர், வயநாடு மூன்றும் இடையில் வேலியில்லாமல் தொடரும் ஒரே காடு. அதை அறுத்துக்கொண்டு சாலை போகிறது. கோடையில் மாயாற்றுத் தண்ணீருக்காக யானைக் கூட்டம் சாலையைக் கடந்தாக வேண்டும். ஒரு கார் நின்றால் பின்னால் பத்து கார்கள் நிற்கும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் என்று கூட்டம் பிரிந்துபோகும். அதற்குள் யாராவது ஹாரன் அடிப்பார், யாராவது செல்போனோடு இறங்குவார். தாய் யானை துரத்துவது அப்போதுதான்.

காதை வீசிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு மேயும் யானை அமைதியாக இருக்கிறது. மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தி, காதை விரித்து அசையாமல் நின்றால் அது எச்சரிக்கை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரம் வழிந்தால் மதநீர். அந்த ஆண் யானையின் பக்கமே போகக்கூடாது.

யானை ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தால் வேகம் குறைத்து, நிற்காமல் கடந்துவிடுங்கள். யானை சாலையிலேயே நின்றால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை மினுக்க வேண்டாம். யானை உங்களை நோக்கி வந்தால் வண்டியைத் திருப்ப முயலாமல் நேராக ரிவர்ஸ் எடுங்கள். திருப்பும் நேரத்தில் பக்கவாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். கடைசி யானை கடந்ததாகத் தோன்றினாலும் பொறுங்கள், புதருக்குள் இன்னொன்று இருக்கும். பைக்கில் வருபவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. தனியாக முன்னேறாமல் பெரிய வண்டி ஒன்றின் பின்னால் செல்லுங்கள்.

குரங்குக்கு சிப்ஸ்

கொடுக்கவே கூடாது. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கும் மானும் சாலையோரத்திலேயே காத்திருந்து வண்டியில் அடிபடுகின்றன.

கல்லட்டியில் நியூட்ரல்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வெளியூர் வண்டிகளை இந்த வழியில் இறங்க விடுவதில் கட்டுப்பாடு உண்டு. கூடலூர் வழி நீளம், ஆனால் அதுவே நல்லது.

இரவு சஃபாரி

சட்டப்படி கிடையாது. கூப்பிட்டால் போகாதீர்கள்.

நேரக் கணக்கு

பந்திப்பூர் வழியாக மைசூரு போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். மாலையிலேயே காட்டைத் தாண்டிவிடுமாறு கிளம்புங்கள். வெளிமாவட்ட வண்டிகளுக்கு நீலகிரி இ-பாஸ் 2024 மே முதல் கட்டாயம். சோதனைச் சாவடிக்கு வந்தபின் செல்போனில் சிக்னல் தேடாமல் முன்பே எடுத்துவையுங்கள்.

மார்ச்சில் பச்சை தேடுவது

கிழக்குப் பக்கம் முட்காடு, அப்போது காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ அபாயத்தால் சஃபாரியே நிறுத்தப்படலாம், புறப்படும் முன் விசாரியுங்கள். பசுமைதான் வேண்டுமென்றால் மழை குறையும் செப்டம்பரில் வாருங்கள்.