அப்பத்தாவின் தைலம் வேலை செய்கிறதா? படிப்படியாகச் சோதிக்கும் முறை

காரைக்குடி வீட்டு வளவில் தூணோரம் உட்கார்ந்து, அப்பத்தா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "போன மாசம் எந்திரிக்கவே முடியலத்தா. இதைப் போட்டு மூணு வாரந்தான், இப்ப மாடிப்படி ஏறுறேன்" என்றார். வலி குறைந்தது உண்மை. தைலத்தால்தான் குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடும் வழி மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரும்புத் துருவுக்கும் ஒன்றேதான். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

யாருக்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை, எத்தனை நாளில் அளக்கப் போகிறோம்? இந்த ஐந்தும் அந்த வரியில் இருக்க வேண்டும். "முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு, இந்தத் தைலம் வெறும் நல்லெண்ணெயைவிட 4 வாரத்தில் வலியைக் கூடுதலாகக் குறைக்கிறதா?" முடிவு தெரிந்த பிறகு இந்த வரியை மாற்றக் கூடாது.

படி 2: "கொடுக்காமல் விட்டிருந்தால்?" என்று கேளுங்கள்

மூட்டுவலி ஏறும், இறங்கும். தாங்க முடியாமல் போகும்போதுதான் நாம் தைலம் வாங்குகிறோம். உச்சத்தில் இருந்த வலி எதுவும் தேய்க்காவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். அந்த நல்ல பெயரைத் தைலம் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் 'முன்பு, பின்பு' என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

இதை அழகாகக் காட்டுவது துருத் தடுப்புச் சோதனை. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட நம்ம ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), அரிமான ஆராய்ச்சிக்கு, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவதைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர்போனது. அந்தத் துறையின் பாலபாடம் இது: ஒரே அளவிலான இரும்புத் துண்டுகளை எடைபோட்டு, ஒன்றை வெறும் அமிலத்திலும் இன்னொன்றை மருந்து கலந்த அமிலத்திலும் போடுவார்கள். எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடைபோடுவார்கள். கணக்குக்காக, வெறும் அமிலத்தில் 200 மில்லிகிராமும் மருந்தோடு 30 மில்லிகிராமும் கரைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து 170-ஐக் காப்பாற்றியிருக்கிறது, அதாவது 85 சதவீதம். அந்த வெறும் துண்டு இல்லையென்றால் 30 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

படி 3: யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்

இரும்புத் துண்டுகள் ஒன்றுபோல் இருக்கும், மனிதர்கள் அப்படி இல்லை. நாமே ஆள் பார்த்துக் கொடுத்தால் தெம்பானவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கல் அதைத் தடுக்கும்.

சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. ஏழை நோயாளிகளில் யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்குச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். நெரிசலான வீட்டில், நல்ல சாப்பாடு இல்லாமல், ஓய்வில்லாமல் இருந்தவர்களுக்கும் மருந்து கிட்டத்தட்ட அதே அளவு வேலை செய்தது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த எத்தனையோ பேருக்கு வழி திறந்துவிட்ட ஆய்வு இது. நம் மண்ணில் நடந்தது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

படி 4: சதவீதத்தை இரண்டு விதமாகப் போடுங்கள்

பிரிட்டனில் 1948-ல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 6 மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். அதாவது 7 சதவீதமும் 27 சதவீதமும்.

"சாவு 73 சதவீதம் குறைந்தது" என்பது ஒரு கணக்கு. "100 பேருக்குக் கொடுத்தால் 20 பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள்" என்பது இன்னொன்று. இரண்டும் சரி. ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயிலும் "73 சதவீதம் குறைப்பு" என்று விளம்பரம் போடலாம். அங்கே ஆயிரம் பேர் மருந்து சாப்பிட்டாலும், அதனால் தப்பிப்பவர் கணக்குப்படி ஒரு முழு ஆள்கூட வராது. விளம்பரத்தில் முதல் கணக்கு மட்டும் இருந்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: மதிப்பெண்ணாக இருந்தால் பொது அளவுகோலுக்கு மாற்றுங்கள்

வலியை 10-க்கு அளக்கிறோம், பரீட்சையை 100-க்கு. இரண்டையும் பக்கத்தில் வைக்க, இரண்டு குழுக்களின் சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) வகுங்கள். மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க 'பால்சகி' (குழந்தையின் தோழி) என்ற உதவியாளர்களை வைத்த ஆய்வில், இரண்டாம் ஆண்டு இந்த எண் 0.28 வந்தது. சின்ன எண்போலத் தெரியும். நடுவில் இருந்த பிள்ளை, 100 பேரில் சுமார் 11 பேரைத் தாண்டி முன்னால் போவதற்குச் சமம் அது.

படி 6: ஒரே ஆய்வோடு நிற்காதீர்கள்

பி.சி.ஜி. தடுப்பூசி பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசநோயை முக்கால் பங்குக்கு மேல் தடுத்தது. 1968-ல் செங்கல்பட்டில் சுமார் 2.6 லட்சம் பேரிடம் சோதித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயில் பலனே தெரியவில்லை. எது சரி? 1994-ல் பல ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சராசரியாகச் சுமார் 50 சதவீதப் பாதுகாப்பு வந்தது. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போகப் பலன் கூடியதும் தெரிந்தது. சேர்த்துப் பார்ப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது: சராசரியைவிட, ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதே பெரிய செய்தி. (கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை இந்த ஊசி தடுக்கிறது. பிறந்ததும் போடுவதை நிறுத்திவிடாதீர்கள்.)

சேர்க்கும்போது பெரிய ஆய்வுக்கு அதிக எடை கொடுங்கள். 'பலன் உண்டு', 'இல்லை' என்று தலை எண்ணாதீர்கள். பலனில்லை என்று வந்த ஆய்வுகள் அச்சேறாமல் மேசைக்குள்ளேயே கிடப்பதும் உண்டு, அவற்றையும் தேடுங்கள்.

இனி அப்பத்தா விஷயம். அவரிடம் சொல்லித்தான் செய்தோம். "அதுக்கென்னத்தா, தேய்ச்சுப் பாப்போம்" என்றார். ஒரே மாதிரி இரண்டு புட்டி. ஒன்றில் தைலம், மற்றதில் கற்பூர வாசம் ஏற்றிய நல்லெண்ணெய். எதில் எது என்று அத்தை மகன் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட்டான். வாராவாரம் காசு சுண்டி எந்தப் புட்டி என்று முடிவு செய்கிறோம். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வலிக்கு 10-க்கு எத்தனை என்று கேட்டு நோட்டில் குறிக்கிறேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. இரண்டு புட்டியும் 4-க்கும் 5-க்கும் நடுவிலேயே நிற்கின்றன. இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கிறது, உறை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.