கிராஃபைட் அச்சுக்குள் வெப்பம்: கணினிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும் சக்கரங்களின் விளிம்பில் வைரச் செக்மென்ட்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத் தூளையும் வைரத் துகளையும் கிராஃபைட் அச்சில் நிரப்பி, அழுத்திக்கொண்டே சூடாக்கித்தான் இவ்வகைச் செக்மென்ட்களைப் பெரும்பாலும் செய்கிறார்கள். அதற்கு நெருங்கிய உறவுதான் ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங். வெற்றிடத்தில், சில வோல்ட் மின்னழுத்தத்தில், நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரை துடிப்பு மின்னோட்டத்தைச் செலுத்தி அச்சையும் தூளையும் சூடாக்கும் முறை இது. வெப்பம் ஓரிடத்தில் எல்லை மீறினால் வைரம் கிராஃபைட்டாக மாறத் தொடங்கும். இன்னோரிடத்தில் குறைந்தால் தூள் சரியாக இறுகாது. அதனால்தான் முன்கூட்டியே கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறோம். மென்பொருள் தரும் வண்ணப் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதில் பிழை ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் பாகங்கள் ஒன்றையொன்று தொடும் பரப்பு.

தூளை அழுத்தும் தண்டான பஞ்ச், அச்சு, எந்திரத்துக்கும் பஞ்ச்சுக்கும் நடுவே வைக்கும் இடைத்தட்டு எல்லாவற்றையும் ஒட்டிப் பிறந்தவை போல வரைந்து, தொடும் பரப்பில் மின்னோட்டத்துக்கும் வெப்பத்துக்கும் எழும் தொடுதடையைச் சுழியமாக விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. எவ்வளவு மெருகேற்றினாலும் இரண்டு பரப்புகள் சிறு மேடுகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. மின்னோட்டம் அங்கே நெருக்கியடித்துக் கடப்பதால் கூடுதல் வெப்பம் பிறக்கிறது. பிறந்த வெப்பம் எளிதில் தாண்டிப் போகவும் முடிவதில்லை. ஒரே மாறா எண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியடைவதும் சரியல்ல. அழுத்தமும் வெப்பமும் ஏற ஏறத் தொடுதடை குறையும். மேலும், பஞ்ச்சுக்கும் இடைத்தட்டுக்கும் நடுவிலுள்ள கிடைப்பரப்பு எந்திரத்தின் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. பஞ்ச்சுக்கும் அச்சுச் சுவருக்கும் நடுவிலுள்ள செங்குத்துப் பரப்பை, சூட்டில் பாகங்கள் விரிவதால் வரும் அழுத்தம் மட்டுமே நெருக்குகிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுப்பது சோம்பேறித்தனம். இடையில் வைக்கும் கிராஃபைட் தாளையும் சாதாரண கிராஃபைட்டாக எண்ண வேண்டாம்: தாளின் நீளவாக்கில் வெப்பம் நன்றாகக் கடக்கும், தடிமன்வாக்கில் மிகக் குறைவாகவே கடக்கும்.

வெப்பநிலையை ஒப்பிடும் முன் மின்னழுத்தத்தை ஒப்பிடுங்கள். தூளுக்குப் பதில் திடமான கிராஃபைட் உருளையை வைத்து ஓட்டி, அதே மின்னோட்டத்தில் எந்திரம் காட்டும் வோல்ட் உங்கள் கணக்கைவிட அதிகமா என்று பார்த்தால் போதும். அதிகம் என்றால், விடுபட்ட தடை பெரும்பாலும் தொடுபரப்புகளிலும் இணைப்புகளிலும்தான் இருக்கிறது.

அடுத்தது, தொடாமலே கதிர்வீச்சைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டர். அது அச்சின் வெளிப்பரப்பைப் பார்த்தால், வெளிப்பரப்பின் வெப்பநிலையைத்தான் சொல்லும். அந்தப் பரப்போ கதிர்வீச்சால் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. இழப்பு கெல்வின் அளவின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 1000 டிகிரி செல்சியஸில் இருப்பதைப்போல் 1500 டிகிரியில் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. சமன்பாட்டில் செல்சியஸை அப்படியே போடுபவர்கள் இன்றும் உண்டு! எந்திரம் பைரோமீட்டரைப் பார்த்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கணினி மாதிரியிலும் அதே புள்ளியை வைத்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

வேறொருவர் அலுமினாவுக்குச் செய்த கணக்கை எடுத்து உலோகத்துக்குப் பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. அலுமினா மின்சாரத்தைக் கடத்தாது. மின்னோட்டம் அதைச் சுற்றி அச்சுச் சுவர் வழியாகப் போகும். செம்பு என்றால் பெரும்பகுதி நேராக ஊடே பாயும். உலோகத் தூளோ தொடக்கத்தில் நுண்துளைகளால் மோசமாகக் கடத்தி, இறுக இறுக நன்றாகக் கடத்தும்.

துடிப்பு மின்னோட்டத்தின் சராசரியை வைத்து வெப்பத்தைக் கணக்கிடாதீர்கள். வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்த மதிப்புதான் (RMS) வேண்டும். 12 துடிப்பு நேரம் மின்னோட்டம் ஓடி, 2 துடிப்பு நேரம் நிற்கும் அமைப்பில், சதுரத் துடிப்புகள் என்று வைத்துக்கொண்டாலே சராசரியைப் போட்டால் சுமார் 14 சதவீத வெப்பம் காணாமல் போகும்.

கிராஃபைட்டின் அறை வெப்பநிலைப் பண்புகளை உச்ச வெப்பம் வரை இழுப்பதும் தவறு. அதன் வெப்பக் கடத்துத்திறன் சூட்டில் வெகுவாகக் குறையும். வட்ட அச்சுக்கு, நடுக்கோட்டைச் சுற்றி எல்லாம் ஒன்றே என்று கொள்ளும் இருபரிமாண வெட்டு போதும். பல குழிகள் கொண்ட செவ்வகச் செக்மென்ட் அச்சுக்கு முப்பரிமாணம் தேவை. அங்கே சுருக்குவழி கிடையாது.

சரிபார்க்க, வெப்பநிலை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளை நுழைக்க வழியில்லை என்றால், அலுமினாத் தூளின் நடுவிலும் ஓரத்திலும் சிறு வெள்ளித் துணுக்குகளைப் புதைத்து ஓட்டிப் பாருங்கள். வெள்ளி 962 டிகிரியில் உருகும். செம்பு என்றால் 1085. நடுத்துணுக்கு உருகி ஓரத்துணுக்கு அப்படியே இருக்க, உங்கள் படமோ இரண்டும் ஒரே நிறம் என்று சொன்னால், கணக்குக்காகப் பிரிக்கும் கட்டங்களை (மெஷ்) நுணுக்குவதில் நேரத்தைச் செலவிடாமல் செங்குத்துப் பரப்பின் தொடுதடையிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.